நச்சுக்காளானை இனங்காணல்: அடிமண்ணிலிருந்து வித்தியின் நிறம் வரை

உண்ணக்கூடிய காளானையும் உயிரைப் பறிக்கும் காளானையும் பிரித்துக் காட்டும் ஒற்றை அடையாளம் என்று எதுவும் கிடையாது. நிறம், மணம், சுவை, பூச்சி அரித்த துளை, தோல் உரியும் விதம் ஆகியவற்றுள் எதையும் தனியே நம்பி ஒரு காளானைச் சட்டிக்குள் போட முடியாது. அது முளைத்த இடம், மண்ணுக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதி, தண்டு, தொப்பியின் உட்புறம், உதிர்க்கும் வித்தியின் (விதைபோல் இனம்பெருக்கும் நுண்ணிய தூளின்) நிறம் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்து, இது இன்ன இனம் என்று பெயர் சொல்ல முடிந்த பிறகுதான் உண்ணலாமா என்ற கேள்வியே எழ வேண்டும். பெயர் சொல்ல முடியாத காளானை நச்சுக்காளானாகவே கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டியின் ஏனைய பகுதிகள் அனைத்தும் அந்த ஒரு விதியிலிருந்து பிறப்பவை.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஒக்டோபர் மாத இடிமழையோடும் அதைத் தொடரும் வடகீழ்ப் பருவமழையோடும் காளான்கள் முளைக்கின்றன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் கறையான் புற்றுகள், வயல் வரம்புகள், வெளியில் நனைந்து கிடக்கும் வைக்கோற்போர்கள், மாடு மேயும் தரவைகள், வீழ்ந்து உக்கிய மரங்கள், கடலோரச் சவுக்குத் தோப்புகள் என ஒவ்வோர் இடமும் தனக்குரிய காளான்களைத் தருகிறது. புற்றுக்காளானைத் தலைமுறை தலைமுறையாகப் பறித்து உண்ட மூத்தவர்களின் அறிவு மதிக்கத்தக்கது. அது உண்மையான அறிவு. ஆனால் அந்த அறிவுக்குள் இன்ன புற்று, இன்ன மாதம், இன்ன மண் என்ற விவரங்களும் அடங்கியிருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, ‘வெள்ளையாக, குடைபோல இருந்தால் நல்லது’ என்ற அளவுக்கு அதைச் சுருக்கி அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதலில் கைவிட வேண்டிய பரிசோதனைகள்

வெள்ளி மோதிரத்தைக் கறிக்குள் போட்டு அது கறுக்கிறதா என்று பார்ப்பதும், உள்ளியோ மஞ்சளோ சேர்த்து நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதும், அரிசியோடு அவித்துச் சோதிப்பதும் பல நாடுகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. வெள்ளியைக் கறுக்கச் செய்பவை கந்தகச் சேர்வைகளே. உயிர்கொல்லிக் காளான்களின் முதன்மை நஞ்சாகிய அமாடொக்சின் வெள்ளியையும் கறுக்கச் செய்யாது, உள்ளியின் நிறத்தையும் மாற்றாது. நத்தையும் புழுவும் தின்ற காளான் மனிதருக்கும் ஏற்றது என்ற எண்ணமும் தவறானது, ஏனெனில் அவற்றின் உடல் அந்த நஞ்சை எதிர்கொள்ளும் விதம் வேறு. நச்சுக்காளான் கசக்கும் என்பதையும் நம்ப வேண்டாம். உலகில் காளானால் ஏற்படும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான டெத் கேப் என்னும் காளானை உண்டு பிழைத்தவர்கள், அது சுவையாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் நிறமுள்ளவையே நஞ்சு என்ற நம்பிக்கையும் அவ்வாறானதே. டெத் கேப் வெளிர்ந்த பச்சை கலந்த மஞ்சள் நிறமுடையது; அதன் நெருங்கிய உறவினங்கள் சில தூய வெள்ளை நிறமுடையவை.

நன்றாக அவித்தால் நஞ்சு போய்விடும் என்ற எண்ணமே இவை எல்லாவற்றிலும் கூடிய கேடு விளைவிப்பது. அமாடொக்சின் சமையல் வெப்பத்தில் சிதையாது. அவித்த நீரை ஊற்றிவிட்டாலும், வெயிலில் உலர்த்தினாலும், குளிரூட்டியில் உறைய வைத்தாலும் காளான் உண்ணத்தக்கதாக மாறாது. அமாடொக்சின் மனிதக் கலங்களுக்குள் ஆர்.என்.ஏ. பொலிமரேசு 2 என்ற நொதியத்தை முடக்குவதால், கலங்கள் தமக்குத் தேவையான புதிய புரதங்களை ஆக்க முடியாமல் இறக்கின்றன. குடலிலிருந்து உறிஞ்சப்படுபவை முதலில் ஈரலையே அடைவதால் பேரழிவு அங்கேதான் நிகழ்கிறது. உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் அமாடொக்சின் உயிரைப் பறிக்கப் போதுமானது என்று கணிக்கப்படுகிறது. அதன்படி 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு 5 மில்லிகிராமே போதும், அந்த அளவு வளர்ந்த ஒரேயொரு டெத் கேப் காளானுக்குள் இருக்கலாம்.

எப்படி எடுத்துப் பார்ப்பது

இனங்காண்பதற்காக எடுக்கும் காளானைக் கத்தியால் தண்டோடு அறுக்கவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. சிறிய மண்வெட்டியாலோ குச்சியாலோ சுற்றியுள்ள மண்ணை ஆழமாகத் தோண்டி, அடிப்பகுதி சிதையாமல் முழுமையாக எடுக்க வேண்டும். மிகக் கொடிய இனங்களின் முக்கியமான அடையாளம் மண்ணுக்குள் இருப்பதால், அறுத்துக் கொண்டுவரப்பட்ட காளானைப் பார்த்து எந்த வல்லுநராலும் உறுதியாகச் சொல்ல முடியாமற் போகும். கைத்தொலைபேசிச் செயலிகளில் படம் எடுத்துப் பெயர் கேட்பதன் குறையும் இதுவே. மேலிருந்து எடுத்த படத்தில் அடிக்கிண்ணமும் தெரியாது, வித்தியின் நிறமும் தெரியாது. செயலி சொல்லும் பெயரைத் தேடலுக்கான தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். உணவுக்கான அனுமதியாகக் கொள்ளவே கூடாது.

ஒவ்வொரு வகையையும் தனித்தனிக் கடதாசிப் பையில் இட வேண்டும். பொலித்தீன் பையில் காளான் வியர்த்து அழுகிவிடும். ஒரே பையில் பலவற்றைக் கலந்தால் உடைந்த துண்டு எதனுடையது என்று தெரியாமற் போகும். இளையது, நடுத்தரம், முதிர்ந்தது என மூன்று நிலைகளிலும் மாதிரி இருந்தால் நல்லது. பையின் மேல் இடத்தையும், அது மண்ணிலா, வைக்கோலிலா, சாணத்திலா, மரக்கட்டையிலா முளைத்தது என்பதையும், பத்தடி தூரத்துக்குள் நிற்கும் மரங்களின் பெயர்களையும் எழுதிவிட வேண்டும். அமாடொக்சின் உள்ள காளானைக் கையால் தொடுவதால் நஞ்சு ஏறாது. ஆயினும் கையைக் கழுவ வேண்டும், சமையலுக்கான கத்தியையும் பலகையையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

பார்ப்பதைக் கீழிருந்து மேலாகத் தொடங்குவது நல்ல பழக்கம். தண்டின் அடி குமிழ்போல் வீங்கியிருக்கிறதா, அதைச் சுற்றி ஒரு கிண்ணமோ கிழிந்த உறையோ இருக்கிறதா, அல்லது வேர்போல் நீண்டு மண்ணுக்குள் செல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, தண்டில் வளையம் இருக்கிறதா, அது தொங்கும் பாவாடையாக உள்ளதா, மேலும் கீழும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் தொப்பியைத் திருப்பி, விசிறி மடிப்புகள் போல் நிற்கும் தகடுகளின் நிறத்தையும் அவை தண்டைத் தொடுகின்றனவா விலகி நிற்கின்றனவா என்பதையும் குறிக்க வேண்டும். தொப்பியின் மேற்பரப்பைக் கடைசியாகப் பார்த்தாலே போதும், ஏனெனில் மழை பெய்தால் அதிலுள்ள செதில்கள் கழுவுண்டு போகும், வெயில் பட்டால் நிறம் வெளிறும்.

வித்திப் பதிவு

தகடுகளின் நிறமும் வித்தியின் நிறமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே வித்திப் பதிவு எடுக்காமல் இனங்காணல் முடிவதில்லை. விரிந்த தொப்பி ஒன்றின் தண்டை மேலே ஒட்ட அறுத்து, தகடுகள் கீழ்நோக்கி இருக்குமாறு கடதாசியின் மேல் வைத்து, தொப்பியின் மேல் ஒரு துளி நீர் இட்டு, கண்ணாடிக் குவளையால் மூடி ஓர் இரவு விட வேண்டும். பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான கடதாசி பொருத்தமானது, ஏனெனில் வெள்ளை வித்தி வெள்ளைக் கடதாசியில் தெரியாது. காலையில் தொப்பியைத் தூக்கினால் தகடுகளின் வரிசையிலேயே மெல்லிய தூள் படிந்திருக்கும். அதை மின்விளக்கில் பாராமல் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

டெத் கேப் அடங்கும் அமனிற்றா பேரினத்தின் பதிவு வெள்ளை. வைக்கோற்காளான், புற்றுக்காளான் ஆகியவற்றின் பதிவு இளஞ்சிவப்பு. பச்சை நிறப் பதிவு வந்தால் அது குளோரோபில்லம் மொலிப்டைற்றிஸ் என்னும் நச்சுக்காளான் என்று ஏறத்தாழ முடிவு செய்துவிடலாம், ஏனெனில் பச்சை வித்தி அத்தனை அரிது. துருநிறமும் மண்ணிறமும் கலெரினா, கோர்ட்டினாரியஸ், இனோசைபி ஆகிய பேரினங்களை நினைவூட்ட வேண்டும். மூன்றிலும் கொடிய நஞ்சுள்ள இனங்கள் உண்டு. இளஞ்சிவப்பு வந்துவிட்டது என்பதால் மட்டும் நிம்மதி அடையக் கூடாது. என்றொலோமா என்ற பேரினத்தின் பதிவும் இளஞ்சிவப்பே, அதில் நச்சு இனங்கள் பல. அதன் தகடுகள் பெரும்பாலும் தண்டோடு ஒட்டியிருக்கும், வைக்கோற்காளானின் தகடுகள் தண்டைத் தொடாமல் நிற்கும் என்ற வேறுபாட்டையும் சேர்த்துப் பார்த்தாலே இரண்டையும் பிரிக்க முடியும்.

கொல்லும் இனங்கள்

அமனிற்றாவை முதலில் அறிய வேண்டும். இளமையில் முழுக் காளானும் ஒரு வெள்ளை உறைக்குள் முட்டை வடிவில் இருக்கும். வளரும்போது உறை கிழிந்து, அதன் கீழ்ப்பாதி தண்டின் அடியில் கிண்ணமாக எஞ்சுகிறது. தகடுகளை மூடியிருந்த இரண்டாவது சவ்வு கிழிந்து தண்டில் வளையமாகத் தொங்குகிறது. அடியில் கிண்ணம், நடுவில் வளையம், மேலே வெள்ளைத் தகடு, வெள்ளை வித்தி ஆகிய நான்கும் சேர்ந்தால் அந்தக் காளானை உணவாக நினைக்கவே கூடாது. இப்பேரினத்தில் உண்ணத்தக்க இனங்களும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதை அறிந்துகொள்வதால் கிடைக்கும் ஒருவேளைக் கறிக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பது நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து.

அமனிற்றா இனங்களிற் பல சில மரங்களின் வேர்களோடு கூட்டு வாழ்க்கை நடத்துபவை. ஓக், பைன், யூக்கலிப்டஸ் போன்ற மரங்கள் அத்தகையவை. வேரோடு இணைந்த காளான், மரக்கன்று பெயர்த்து நடப்படும்போது மண்ணோடு கூடவே புது நாட்டுக்குப் போகவும் கூடும். ஐரோப்பாவுக்குரிய டெத் கேப் அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் அப்படித்தான் சென்றது. ஆகவே நடப்பட்ட மரத்தோப்புகளில் முளைக்கும் வெள்ளைக் காளான்களைக் கூடுதல் ஐயத்தோடு பார்க்க வேண்டும். சில அமனிற்றா இனங்கள் மரத்துணையின்றிப் புற்றரையிலும் முளைப்பதால், மரம் இல்லாத இடம் என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

அமாடொக்சின் அமனிற்றாவுக்கு மட்டும் உரியதன்று. லெப்பியோற்றா பேரினத்தின் சிறிய, செதில் படிந்த சில இனங்களிலும், மரக்கட்டையில் முளைக்கும் கலெரினாவிலும் அதே நஞ்சு உள்ளது. எனவே உள்ளங்கை அகலத்தை எட்டாத சிறு குடைக்காளான்களையும், சிறிய பழுப்புநிறக் காளான்களையும் முற்றாக ஒதுக்கிவிட வேண்டும். கோர்ட்டினாரியஸ் இனங்கள் சிலவற்றில் உள்ள ஒரெலனின் என்னும் நஞ்சு சிறுநீரகத்தை அழிப்பது. உண்டு இரண்டு, மூன்று நாட்களிலிருந்து சில கிழமைகள் வரை கழித்தே அறிகுறி தோன்றுவதால், காளானை நினைவுபடுத்திச் சொல்லக்கூட நோயாளிக்குத் தோன்றாது. இவை பெரும்பாலும் குளிர்நாட்டுக் காடுகளுக்குரியவை.

வெப்பநாடுகளில் மக்கள் அடிக்கடி ஏமாறுவது குளோரோபில்லம் மொலிப்டைற்றிசிடம். மழைக்குப் பின் மைதானங்களிலும் மேய்ச்சல் தரைகளிலும் வட்டமாக முளைக்கும் இது பெரியது, பார்வைக்கு அழகானது. வெள்ளைத் தொப்பியில் பழுப்புச் செதில்களும் தண்டில் நகரும் வளையமும் இருக்கும். இளமையில் தகடு வெள்ளையாகவே இருப்பதால் நல்ல காளான் என்று எண்ணத் தோன்றும்; முதிரும்போதுதான் பச்சை ஏறுகிறது. உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் சத்தியும் வயிற்றோட்டமும் ஏற்படும். உயிரிழப்பு அரிது எனினும் சிறுவர்கள் நீரிழப்பால் ஆபத்தான நிலைக்குப் போகலாம். மாட்டுச் சாணத்திலும் யானை இலத்தியிலும் முளைப்பவற்றில் மனத்தைக் குழப்பும் நஞ்சுள்ளவை உண்டு. அவற்றையும் விட்டுவிட வேண்டும்.

நம் ஊர்க் காளான்களோடு குழப்பம் நேரும் இடங்கள்

வைக்கோற்காளானும் அமனிற்றாவும் இரண்டுமே அடியில் கிண்ணம் உடையவை. வைக்கோற்காளானின் கிண்ணம் சாம்பல் அல்லது பழுப்பு நிறமுடையது, தண்டில் வளையம் இல்லை, முதிரும்போது தகடு இளஞ்சிவப்பாகும், முளைப்பது உக்கும் வைக்கோலில். இந்த வேறுபாடுகள் விரிந்த காளானில்தான் தெளிவாகத் தெரியும். மொட்டு நிலையில் இரண்டின் தகடுகளும் வெள்ளையே. சுவை மிகுந்ததென்று மொட்டையே பறிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வைக்கோற்போரிலிருந்து அன்றி வெறும் மண்ணிலிருந்து முளைக்கும் மொட்டை ஒருபோதும் எடுக்கக் கூடாது. சூட்டுக்களத்து ஓரத்தில் வைக்கோலுக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட இடத்தில் முளைத்ததாயின் தோண்டிப் பார்த்து, வைக்கோலோடு தொடர்பு உறுதியாகாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

புற்றுக்காளானின் தொப்பி நடுவில் கூர்மையான முனையோடு இருக்கும். பல இனங்களில் தண்டு வேர்போல் நீண்டு, புற்றுக்குள் கறையான் வளர்க்கும் காளான் தோட்டம் வரை செல்லும். கறையானோடு இணைந்தே அது வாழ்கிறது. ஆழமாகத் தோண்டி அந்த நீண்ட வேரைக் கண்ணால் கண்டால் அது நம்பகமான அடையாளம். கறையான்கள் தோட்டத்துத் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து போட்ட இடத்தில் நூற்றுக்கணக்கில் முளைக்கும் சிறு வகைக்கு இந்த நீண்ட வேர் இல்லை. எனவே சிறிய வெள்ளைக் காளான்கள் கூட்டமாக முளைத்திருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பிழை. அதைப் பல ஆண்டுகள் பறித்த ஒருவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். புற்றின் அருகே முளைப்பவை எல்லாம் புற்றுக்காளான் ஆகிவிடா.

வெள்ளை உருண்டையாக முளைக்கும் காளானை நெடுக்காக நடுவில் வெட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே முழுதும் ஒரே வெள்ளையாக, பஞ்சுத்தன்மையோடு இருந்தால் அது உருண்டைக்காளான். தொப்பியும் தண்டும் வரைந்ததுபோல் உருவம் தெரிந்தால் அது அமனிற்றாவின் முட்டையாக இருக்கலாம். உள்ளே கறுத்திருந்தால் அதுவும் உண்ணத்தக்கதன்று.

காளான் பறிக்கும் வழக்கம் உறவினர்களோடு வெளிநாட்டுக்கும் போயிருக்கிறது. ஆசியாவிலிருந்து கலிபோர்னியாவில் குடியேறியவர்கள் டெத் கேப்பை வைக்கோற்காளான் என்று எண்ணி உண்டு இறந்திருக்கிறார்கள். கன்பராவில் 2012 புத்தாண்டையொட்டி டெத் கேப் கலந்த உணவை உண்ட இருவர் இறந்தனர். கனடாவின் விக்டோரியா நகரைச் சேர்ந்த ஒரு மூன்று வயதுக் குழந்தை 2016இல் அதே காளானால் இறந்தது. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஒன்ராறியோவிலும் தூய வெண்ணிறமான கொல்லும் அமனிற்றா முளைக்கிறது. கொக்கட்டிச்சோலையில் அம்மம்மா காட்டிய அடையாளம் அங்கே செல்லுபடியாகாது என்பதை அங்குள்ள உறவுகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது. சுவிட்சர்லாந்தில் பறித்த காளானைக் காட்டிப் பரிசோதிக்க உள்ளூர்ப் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன; அங்கிருப்போர் அவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

உண்ட பின்: நேரத்தைக் கொண்டு வகைப்படுத்தல்

காளானின் உருவத்தைக் கொண்டு வகைப்படுத்தத் தவறியவிடத்து, உண்டதற்கும் முதல் அறிகுறிக்கும் இடைப்பட்ட நேரமே வைத்தியருக்குக் கிடைக்கும் சிறந்த வகைப்பாடு. ஆறு மணி நேரத்துக்குள் சத்தி தொடங்கினால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்துக் குறைந்த நஞ்சு. ஆறு மணி நேரத்துக்குப் பின், பலவேளை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் அமாடொக்சின் என்று அஞ்ச வேண்டும். ஆனால் பலவகைக் காளான்களைக் கலந்து சமைத்திருந்தால் முதல் நஞ்சின் சத்தி விரைவில் வந்து, பின்னால் வரவிருக்கும் கொடிய நஞ்சை மறைத்துவிடும். எனவே சீக்கிரம் சத்தி வந்தது என்பதற்காக வீட்டில் இருந்துவிடக் கூடாது.

உண்ட அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அதிகம் வியர்த்து, எச்சில் வடிந்து, கண்ணீர் பெருகி, கண்மணி சுருங்கினால் அது இனோசைபி போன்றவற்றிலுள்ள மஸ்கரின் என்னும் நஞ்சாக இருக்கலாம். வயல்களில் தெளிக்கும் சில கிருமிநாசினிகளின் நஞ்சும் இதே தோற்றத்தைத் தருவதால், விவசாயக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளியிடம் வைத்தியர் முதலில் அதையே சந்தேகிக்கக் கூடும். காளான் உண்டதை மறக்காமல் சொல்ல வேண்டும். அத்ரொபின் இரண்டுக்கும் பயன்படும் மருந்து.

அமாடொக்சின் நஞ்சேற்றத்தின் போக்கு வஞ்சகமானது. முதலில் அரிசிக் கஞ்சிபோன்ற கடும் வயிற்றோட்டமும் சத்தியும் ஒரு நாள் வரை இருக்கும். பிறகு அவை நின்று, நோயாளி எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்பார். வீட்டார் குணமாகிவிட்டது என்று எண்ணி வைத்தியசாலையிலிருந்து கூட்டிச் செல்ல விரும்புவது இந்தக் கட்டத்தில்தான். அந்த நேரத்தில் ஈரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். இரண்டு, மூன்று நாட்களில் மஞ்சள் காமாலை, இரத்தப்போக்கு, நினைவு தடுமாற்றம் ஆகியவை தொடரும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் உண்ட 13 பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தவர். ஈரலின் நிலையை இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்து வைத்தியரே அனுப்பும் வரை நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

சந்தேகம் வந்தவுடன், அறிகுறி தோன்றும் வரை காத்திராமல், 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்சை அழைக்கலாம், அல்லது கிடைக்கும் வாகனத்தில் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ செல்லலாம். வாயில் விரல் விட்டுச் சத்தி எடுக்க வைப்பதும், பால், தேசிக்காய்ச் சாறு, கசாயம் என்று கொடுத்து நேரத்தைக் கழிப்பதும் கூடாது. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்தின் ஆலோசனையை வைத்தியர்கள் பெற முடியும். சேலைனும், நஞ்சை உறிஞ்சும் மருத்துவக் கரியும், பரசிற்றமோல் அதிகம் விழுங்கியவர்களுக்குக் கொடுக்கும் என்-அசிற்றைல்சிஸ்ரீனும் விரைவில் தொடங்கப்படுவதில்தான் பலன் தங்கியிருக்கிறது.

வைத்தியசாலைக்குப் போகும்போது மிஞ்சிய கறி, சமைக்காத காளான், குப்பையில் போட்ட தண்டும் தோலும் ஆகியவற்றைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். எத்தனை மணிக்கு உண்டது, முதல் சத்தி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை வகைக் காளான்கள் சட்டிக்குள் போயின என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அதே சட்டியில் உண்ட ஒவ்வொருவரையும், எந்த வருத்தமும் இல்லை என்று சொல்பவரையும், ஒரு கவளம் மட்டும் உண்ட குழந்தையையும் அதே வாகனத்தில் ஏற்றிச் செல்ல வேண்டும்.